சோதனைச் செய்தி சொன்ன பல்லி

பல்லி முதன்முதலில் சொன்னது இதுதான்: "இது ஒரு சோதனைச் செய்தி. இதை நீங்கள் பெற்றிருந்தால் உங்கள் அறிவிப்புச் சேவை செவ்வனே இயங்குகிறது." அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி இருக்கும். நாஸ் பெட்டியின் மின்னஞ்சல் பக்கத்தில் 'சோதனை' என்ற பொத்தானை நான் இருபத்துமூன்றாவது தடவையாக அமுக்கிவிட்டு, மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று போனைத் திறந்து பார்த்து, வழக்கம்போல் ஒரு எழவும் வராததைக் கண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, டியூப்லைட்டுக்குக் கீழே தென்மேற்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி மெல்லிய குரலில், கடகடவென்று, ஒரே மூச்சில் அதைச் சொல்லி முடித்தது. வாய் அசைந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். நான்கு நாளாக எந்த வழியிலும் போகாமல் மக்கர் பண்ணிய செய்தி, எப்படியோ ஒரு வழியில் போய்ச் சேர்ந்துவிட்டது அல்லவா.

என் பெயர் உலகநாதன். அம்பாசமுத்திரத்தில் வண்டிமறிச்சம்மன் கோவில் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவன். கருகிப்போன மோட்டாருக்குக் கண்ணை மூடிக்கொண்டு காயில் கட்டுவேன், அதனால் மின்சாரம் ஓடுகிற எதையும் சரி பண்ணிவிடலாம் என்ற திமிர் எனக்கு உண்டு. நாஸ் பெட்டி என்பது வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற ஒரு சேமிப்புப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க் சுற்றும், அதில் போட்டு வைத்ததை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒயர் வழியாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பெட்டியில் இருந்தது என் மனைவி செண்பகவடிவின் குரல். பார்வையில்லாதவர்களுக்காக அவள் பதினோரு வருஷம் பாடப்புத்தகம் வாசித்துப் பதிவு செய்தாள், வரலாறு, அறிவியல், குடிமையியல் என்று ஒன்று விடாமல், மூவாயிரம் மணி நேரத்துக்கும் மேலே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து, அது குரல் நரம்பையே சுற்றிக்கொண்டிருந்ததால், கட்டியை எடுத்தபோது நரம்பும் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு மூச்சுக்காற்றில் கிசுகிசுக்கத்தான் முடியும், அதுவும் பக்கத்தில் காது வைத்தால்தான் கேட்கும். பாடத்தை வாங்கிப் போனவர்கள் பரீட்சை முடிந்ததும் அழித்துவிடுவார்கள், ஆக அந்தப் பெட்டியில் இருந்ததைத் தவிர அவள் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்றில் இருப்பதையே மற்றொன்றிலும் படியாக வைக்க வேண்டும், ஒன்று செத்தால் இன்னொன்று காப்பாற்றும், அதற்குத்தான் இரண்டு. நானோ இடம் மிச்சமாகுமே என்று இரண்டையும் ஒட்டி ஒரே டிஸ்க்காக்கி வைத்திருந்தேன். ஒன்று போனால் எல்லாம் போகும். ஒரு வெள்ளிக்கிழமை பெட்டிக்குள் கடக் கடக் என்று சத்தம் கேட்டதும், ஏதாவது கோளாறு என்றால் உடனே மின்னஞ்சலில் சொல்லும்படி பெட்டியை அமைத்து வைப்போம் என்று உட்கார்ந்தேன். அன்று பிடித்தது சனி. பாஸ்வேர்டு தப்பு என்றது, சரியான பாஸ்வேர்டைத்தான் போட்டிருந்தேன். இணையத்தில் கேட்டால், வெளிக்கருவிகளுக்கு என்று தனியாகப் பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும் என்றார்கள், வாங்கினேன். சான்றிதழ் செல்லாது என்றது, பெட்டியின் கடிகாரம் நான் பிறப்பதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் நின்றுகொண்டிருந்தது, அதைத் திருத்தினேன். போர்ட்டு எண்ணை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், அணைத்துப் போட்டேன், போட்டு அணைத்தேன். 'அனுப்ப இயலவில்லை' என்ற ஒரே வரியை நான்கு நாள் பார்த்தேன், ஐந்தாம் நாள் பல்லி பேசியது.

பல்லி பேசிய சேதியை எதிர்வீட்டு மளிகைக்கடை கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் நான்தான் போய்ச் சொன்னேன், என் வாய் சும்மா இருக்குமா. அவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"எந்தச் சுவத்துல இருந்து சொல்லிச்சு வே?"

"தென்மேற்கு மூலைல, அண்ணாச்சி. ஆனா அது சொன்னது என்னன்னா..."

"அது என்ன சொன்னா என்ன? செவ்வாக்கெழம, தென்மேக்கு." கல்லாப்பெட்டிக்கு மேல் ஆணியில் தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி சொல்லுக்குப் பலன் என்ற பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துத் தேடினார். "பந்து சன வருகை. இன்னைக்கு ஒம்ம வீட்டுக்கு ஆளு வரும் பாரும்."

வந்தார்கள். ஏன் வரமாட்டார்கள், அவர்தான் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாரே. சாயந்தரத்துக்குள் முப்பது பேர் எங்கள் முன்ரூமில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், பலன் அப்படியே பலித்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காலங்காலமாக வெறுமே 'உச்' கொட்டி வந்த பல்லி இப்போது வாயைத் திறந்து பேசுகிறது என்பதில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. இத்தனை நாள் சுருக்கமாகச் சொன்னது, இப்போது விளக்கமாகச் சொல்கிறது, அவ்வளவுதான். மறுநாள் ஒருவர் சூடம் கொண்டுவந்தார், ஒருவர் திசைகாட்டி கொண்டுவந்து எது வடகிழக்கு எது கிழக்கு என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டார், அண்ணாச்சி பஞ்சாங்கத்தைக் கையோடு கொண்டுவந்து எங்கள் சோபாவில் நிரந்தரமாக உட்கார்ந்தார், பூ கட்டுகிற பெண்கள் பல்லிக்கு என்று மாலை கொண்டுவர, மாலை தொங்கவிட அண்ணாச்சியே சுவரில் ஒரு ஆணியும் அடித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம், மாலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பல்லி சொன்னது: "இரண்டாம் வட்டில் பழுது. உடனே நகல் எடுக்கவும்."

"மேக்கு, புதன்," என்றார் அண்ணாச்சி, பக்கத்தைத் தடவி. "நல்ல சாப்பாடு." கூட்டத்தில் சந்தோஷமான முனகல் எழுந்தது. யாரோ சர்க்கரைப்பொங்கல் வைத்துக் கொண்டுவரப் புறப்பட்டார்கள்.

அண்ணாச்சி, டிஸ்க் சாகப் போகிறது என்று அது தமிழில் சொல்கிறது, உமக்குக் காது கேட்கவில்லையா என்று கத்தினேன். தெய்வ வாக்குக்கு நேரடி அர்த்தம் பார்க்கக்கூடாது என்று அவர் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இதற்கு மேல் யாரிடம் முட்டிக்கொள்வது? புது டிஸ்க் வாங்கிவந்து கம்ப்யூட்டரில் மாட்டி, பெட்டியிலிருந்து நகல் எடுக்கத் தொடங்கினேன். வினாடிக்கு நூறு எம்பி வர வேண்டிய இடத்தில் ஒரு எம்பிகூட வரவில்லை. மீதமுள்ள நேரம் பதினேழு நாள் என்று காட்டியது, பிறகு பத்தொன்பது நாள் என்றது, ஒரு மணி நேரம் நகல் எடுத்த பிறகு இருபத்தொரு நாள் என்றது. ரௌட்டரை மாற்றினேன், ஒயர் செருகுகிற துளையை மாற்றினேன், கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ் காவல்காரனைத் துரத்தினேன், பெட்டிக்கு ஃபேன் வைத்தேன், பார்க்கிற கூட்டம் எங்கள் வைஃபையில் பல்லியை வீடியோவில் கனடாவுக்குக் காட்டுகிறது என்று வைஃபையையே பிடுங்கிப் போட்டு எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன். எண்ணூறு கேபி. டிஸ்க் கடக் கடக் என்கிறது, பல்லி மூன்று வேளையும் பழுது பழுது என்கிறது, ஊர் மூன்று வேளையும் பொங்கல் தின்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழுது வந்தால்தான் பல்லி பேசும் என்பதில்லை, சோதனைப் பொத்தானை அமுக்கினாலும் பேசும் என்பது தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. பெண் பார்க்கப் போகிறவன், பைக் எடுக்கப் போகிறவன், ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிறவள் என்று வாசலில் வரிசை நின்றது. "அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ அமுக்கும்," என்பார்கள். மிக்ஸி ரிப்பேர்க்காரனை அண்ணாச்சி என்று அதற்கு முன்னால் யாரும் கூப்பிட்டதில்லை. அமுக்கினேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை அமுக்கினேன். வடிவு சமையல்கட்டு வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்பாள், கூட்டத்தில் அவள் மூச்சு எனக்கு எங்கே கேட்கும்?

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, தாவீது வந்தார். திருநெல்வேலியில் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர், வயது முப்பத்தெட்டு, பிறவியிலேயே பார்வை கிடையாது. வடிவின் குரலைக் கேட்டே பட்டம் வாங்கியவர், குரூப் டூ பரீட்சையை நான்காம் முறையாக எழுதப் போகிறார், பாடங்களை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். கூட்டத்துக்கு நடுவே அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். அப்போது யாருக்காகவோ பொத்தானை அமுக்கினேன், பல்லி சொன்னது. எல்லோரும் எந்தச் சுவர் என்று அண்ணாந்து பார்க்க, சுவர் தெரியாத அவர் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்து கேட்டார்.

"அக்கா," என்றார். "இது நீங்கல்லா?"

வடிவு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் பாடத்த எப்பவும் மூணு மடங்கு வேகத்துலதான் கேப்பேன், அண்ணாச்சி. எனக்குப் பழக்கமான வேகம் இது. அக்கா கொரலு. 'சோதனை'ன்னு சொல்லும்போது கொஞ்சம் மூச்சு வாங்குதுல்லா, அது எட்டாங்கிளாஸ் அறிவியல் மூணாம் பாடம். அன்னைக்கு அக்காளுக்குச் சளி."

பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவன் நான். பத்து நாளாகத் தலைக்கு மேலே என் பெண்டாட்டி பேசியிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. அந்த அவமானத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நகலான பாடங்களைத் தாவீது ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். முதல் நாள் நகலில் குறையில்லை. போகப் போக அவர் முகம் சுருங்கியது. "அண்ணாச்சி, அறிவியல்ல 'குழாய்' மட்டும் வருது, என்ன குழாய்னு வரமாட்டேங்கு. 'சோதனை'யே எங்கயும் இல்ல. 'உலகப் போர்'னு வருது, ஒண்ணா ரெண்டான்னு தெரியல. அந்த எடத்துல வெறும் நிசப்தமா இருக்கு." பல்லி ஒவ்வொரு தடவை பேசியபோதும் பெட்டியில் இருந்த அவள் வாசிப்பிலிருந்துதான் சொல் எடுத்திருக்கிறது. எடுத்த சொல் திரும்ப வைக்கப்படவில்லை. நாளைக்கு ஐம்பது தடவை வீதம் நான் என் கையால் அமுக்கி அமுக்கி அவள் குரலை ஊருக்குப் பலனாக அள்ளிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு அவர் எழுந்து, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற நீல ஒயரை விரலால் தடவிக்கொண்டே சுவரோரமாக நடந்தார். பத்தடி போனதும் நின்றார். "இங்க என்னமோ குத்தி நிக்கி," என்றார். மாலையை விலக்கிப் பார்த்தால், அண்ணாச்சி அடித்த ஆணி ஒயரின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு சுவருக்குள் இறங்கியிருந்தது. நான் மாற்றாதது அந்த ஒயர் ஒன்றைத்தான்.

"சாமிக்கு அடிச்ச ஆணி வே," என்று அண்ணாச்சி எழுந்தார். "புடுங்கப்படாது."

வடிவு என் டூல்பாக்ஸைத் திறந்து கொறடாவை எடுத்துவந்து அவர் கண்ணுக்கு முன்னாலேயே ஆணியைப் பிடுங்கினாள். நான் ஓடிப்போய்க் கடையிலிருந்து புது ஒயர் கொண்டுவந்து மாட்டினேன். நூற்றுப் பத்து எம்பி. மூன்று மணி நேரம் மீதம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இனிமே இது பேசப்படாது," என்றேன் கூட்டத்தைப் பார்த்து. "அறிவிப்ப நிப்பாட்டப் போறேன். ஒவ்வொரு தடவ பேசும்போதும் எங்க வீட்டுக்காரி கொரல்ல ஒரு துண்டு போகுது. எல்லாரும் கெளம்புங்க."

யார் கிளம்பினார்கள்? ஊருக்கே வாக்குச் சொல்கிற வாயை அடைக்க நீர் யார் என்றார் அண்ணாச்சி. என் மகனுக்கு நாளைக்கு இன்டர்வியூ, இன்று ஒரு தடவை மட்டும் என்றாள் ஒருத்தி. நீங்க வேணும்னா குரலை வேறு எதிலாவது வைத்துக்கொள்ளுங்களேன் என்று ஒருவர் யோசனை சொன்னார். வடிவு வாயைத் திறந்து திறந்து மூடினாள், கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு சத்தமும் வரவில்லை, யாரும் அவளைப் பார்க்கவுமில்லை. கம்ப்யூட்டரை மறித்துக்கொண்டு இருபது பேர் நின்றார்கள். அவள் இடித்துக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிறுத்தத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சோதனைச் செய்தி என்று எழுதியிருந்த கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு அவள் வேறு எதையோ தட்டினாள், பொத்தானை அமுக்கினாள்.

"அனைவரும் தத்தம் இல்லங்களுக்குச் செல்லுங்கள்!" என்றது பல்லி.

குடிமையியல் பாடத்துக் குரல். முதன்முறையாக வேகமில்லாமல், நிறுத்தி, வீடே அதிரச் சொன்னது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் மனைவி சத்தம் போட்டாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூட்டம் அண்ணாச்சியைப் பார்த்தது. அண்ணாச்சி பல்லியைப் பார்த்தார், சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"வெள்ளி, வடக்கு," என்றார். "பிரயாணம் சுபம். கெளம்புங்க, கெளம்புங்க, நல்ல நேரம் தப்பிரும்."

செருப்பைத் தேடித் தேடி மாட்டிக்கொண்டு முழுக் கூட்டமும் ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது. கடைசிவரை அவள் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. தாவீது மட்டும் வாசலில் போய் நின்றுகொண்டார், எங்கள் இருவருக்கும் இடம் விட்டுத்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"இப்ப நிறுத்திரலாம் வடிவு," என்றேன். "சொல்லு வீணாப் போகுது."

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து மறுபடியும் தட்டினாள்.

"உமக்கு அறிவு உண்டா?" என்றது பல்லி. "ஒன்று அழிந்தால் மற்றொன்று காக்கும் என்பதை அறியீரோ? இடம் மிச்சம் என்று யார் கேட்டார்?"

நான் வாயைத் திறந்தேன். அவள் விரலை உயர்த்தினாள். தட்டினாள்.

"வேண்டாம் என்று பன்முறை கூறினேன். நீர் பொத்தானை அழுத்தினீர். புகழுக்கு மயங்கினீர். என் பக்கம் திரும்பிப் பார்த்தீரா?"

அவளிடம் திட்டு வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத வசவு எதையும் பல்லியால் சொல்ல முடியவில்லை, இருந்தும் அந்தச் செந்தமிழில் விழுந்த ஒவ்வொரு அடியும் உறைத்தது. ஒவ்வொரு சொல்லும் பெட்டியிலிருந்து போகிறது, திரும்ப வராது, அது எனக்கும் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் எடுத்து எடுத்து என் மேல் வீசினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டேன். சொல்லி முடித்ததும் அவளே அறிவிப்பு என்ற வரிக்கு எதிரே இருந்த குறியை எடுத்துவிட்டாள். பல்லி ஒரு தடவை 'உச்' கொட்டிவிட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால் போயிற்று. மூன்று மணி நேரத்தில் நகல் முடிந்தது. பெட்டியை அன்றைக்கே கழற்றினேன், இரண்டாம் டிஸ்க் அதற்குப் பிறகு சுற்றவே இல்லை.

புது டிஸ்க்குகள் இரண்டும் இப்போது ஒன்றுக்கொன்று படியாக இருக்கின்றன. பாடங்களில் மட்டும் ஆயிரக்கணக்கான ஓட்டை. தாவீது பாடத்தைக் கேட்டு, ஓட்டை இருக்கிற இடத்தின் நிமிஷத்தையும் வினாடியையும் போனில் சொல்வார். நான் கடையை மூடிவிட்டு வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பதிகிறேன். ஒரு வாக்கியம் முழுக்க அவள் போய்க்கொண்டிருப்பாள், நடுவில் தகரத்தில் தட்டினதுபோல 'இரண்டாம்' என்று நான் வருவேன், பிறகு அவள். "நீங்க வாற எடத்துல மட்டும் வேகத்தக் கொறைக்க வேண்டியிருக்கு, அண்ணாச்சி," என்கிறார் தாவீது. பரீட்சை அடுத்த மாதம், அவருக்கு வேண்டிய பாடங்களை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டோம்.

நேற்று குடிமையியலில், அன்று அவள் என் மேல் வீசிய 'அறிவு' என்ற சொல் விடுபட்டிருந்த இடம் வந்தது. வடிவு எதிரே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சரியாக இருந்தால் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் மறுபடி என்று விரலைச் சுழற்றுவாள். "அறிவு," என்றேன். விரலைச் சுழற்றினாள். "அறிவு." சுழற்றினாள். முதல் தடவையே சரியாகத்தான் சொன்னேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆறாவது தடவையும் சொன்னேன்.